மருந்துச் சீட்டும் கணிப்பொறியும்

மேலைநாட்டு மருத்துவம் பயின்ற மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதும்போது, முதலில் ‘ஆர்’ என்னும் எழுத்தை இட்டு அதன் காலில் குறுக்காக ஒரு கோடு கிழிப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். ‘எடுத்துக்கொள்’ எனப் பொருள்படும் ‘ரெசிபே’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. நோயாளியைப் பார்த்துச் சொன்ன சொல் என்று நாம் நினைக்கலாம். உண்மையில் அது மருந்து கலப்பவருக்கு இட்ட கட்டளை. இன்ன பொருளை இவ்வளவு எடுத்துக்கொள், இவ்வாறு கலந்து கொடு என்பது அதன் கருத்து.

காலப்போக்கில் மருந்துகள் ஆலைகளிலேயே மாத்திரைகளாகவும் குப்பிகளாகவும் உருவாகி வரத் தொடங்கின. கடையில் கலக்கும் வேலை குறைந்து, எண்ணிக் கொடுக்கும் வேலை மிகுந்தது. சீட்டு மட்டும் மாறவில்லை. ஒரு துண்டுக் காகிதம், ஒரு பேனா, வெளியே நோயாளிகள் காத்திருக்கும் அவசரத்தில் எழுதிய கையெழுத்து ஆகிய இவையே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் மருத்துவரையும் மருந்துக் கடையையும் இணைத்த பாலமாக இருந்தன.

இந்தப் பாலத்தைக் கணிப்பொறியின் துணையால் புதிதாகக் கட்ட அமெரிக்க நாட்டில் பெருமுயற்சி நடந்தது. ஒன்றிரண்டு மருத்துவர்கள் நடத்தும் சிறு கிளினிக்குகளில் அம்முயற்சி பட்ட பாடு சுவையானது, படிப்பினை உடையது. அதனை இங்கே காண்போம்.

ஒரு சீட்டும் ஓர் உயிரும்

1995ஆம் ஆண்டு டெக்ஸஸ் மாநிலத்தின் ஒடெஸ்ஸா நகரில் மார்வலி கண்ட ஒருவருக்கு இதய மருத்துவர் ‘ஐசார்டில்’ என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம்; ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. மருந்தாளர் அக்கையெழுத்தை ‘பிளெண்டில்’ என்று படித்தார். பிளெண்டில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்கு மேல் அதனைக் கொடுக்கலாகாது. சீட்டில் கண்டபடி அதை உட்கொண்டால் ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், அதாவது எட்டு மடங்கு உடலில் சேரும். நோயாளி மாரடைப்புக்கு ஆளாகி, சில நாட்களில் இறந்தார். 1999இல் வழக்கை விசாரித்த நடுவர் குழு, மருத்துவர், மருந்தாளர் இருவருமே பொறுப்பாளிகள் என்று கண்டு, குடும்பத்தாருக்கு 4,50,000 டாலர் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

மருத்துவரின் அறிவில் இங்கே குறையில்லை. அவர் தேர்ந்த மருந்து சரியானதே. அது சீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியில் வேறு மருந்தாகிவிட்டது.

இத்தகைய விபத்துக்கு இடம் தரும் கண்ணிகள் சீட்டில் பல உண்டு. ‘கியூ.டி.’ என்று எழுதினால் நாளுக்கு ஒரு முறை, ‘கியூ.ஐ.டி.’ என்றால் நாளுக்கு நான்கு முறை. இடையில் உள்ள ஓர் எழுத்து ஒரு புள்ளியைப் போலத் தோன்றினால் போதும், மருந்து நான்கு மடங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ மாறிவிடும். 1.0 என்பதில் புள்ளி மங்கினால் அது 10 ஆகிவிடுகிறது. மருந்துகளின் பெயர்களோ இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன. ‘செலிபிரெக்ஸ்’ மூட்டுவலிக்கு, ‘செரிபிக்ஸ்’ வலிப்புக்கு, ‘செலெக்ஸா’ மனச்சோர்வுக்கு. வேகமாகக் கிறுக்கிய கையெழுத்தில் இவை மூன்றையும் பிரித்தறிவது எளிதன்று.

ஒடெஸ்ஸா தீர்ப்பு வந்த அதே 1999இல், அமெரிக்க மருத்துவக் கழகம் என்னும் அறிஞர் அவை ஓர் அறிக்கையை வெளியிட்டது. தவிர்க்கக்கூடிய தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்ற அதன் மதிப்பீடு நாட்டையே உலுக்கியது. 2006இல் அதே கழகம் மருந்துத் தவறுகளைப் பற்றித் தனியாக ஆராய்ந்தது. தவிர்க்கக்கூடிய மருந்துத் தீங்குகள் ஆண்டுக்குக் குறைந்தது 15 இலட்சம் நேர்கின்றன என்று கூறியதோடு, 2010ஆம் ஆண்டுக்குள் எல்லாச் சீட்டுகளும் மின்னணு முறைக்கு மாறவேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

மின்னணுச் சீட்டு இயங்கும் விதம்

கணிப்பொறியில் தட்டச்சு செய்து காகிதத்தில் அச்சிட்டுத் தருவது இம்முறையின் முதற்படி மட்டுமே. முழுமையான மின்னணுச் சீட்டில் காகிதமே இல்லை. மருத்துவர் திரையில் நோயாளியின் பெயரைத் தேர்ந்து, பட்டியலிலிருந்து மருந்தையும் அளவையும் தெரிவு செய்கிறார். நோயாளிக்கு ஒவ்வாத மருந்து எது, அவர் ஏற்கெனவே உண்டுவரும் மருந்தோடு இது முரண்படுமா, அளவு வரம்பு கடந்துள்ளதா என்பனவற்றைக் கணிப்பொறி தன் நினைவகத்தில் உள்ள குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஐயம் எழுந்தால் எச்சரிக்கிறது. மருத்துவர் ஒப்புதல் தந்தவுடன் சீட்டு ஒரு செய்தியாக மாறி, வலையமைப்பின் வழியே நோயாளி விரும்பும் மருந்துக் கடையின் கணிப்பொறியைச் சென்றடைகிறது.

இதற்கு ஒரு பொது மொழி தேவை. ஒரு கிளினிக்கின் கணிப்பொறி சொல்வதை நாட்டின் எந்த மூலையில் உள்ள கடையின் கணிப்பொறியும் புரிந்துகொள்ள வேண்டுமல்லவா? மருந்து வழங்கும் துறையினருக்காக 1977இல் தோன்றிய தேசியக் குழு ஒன்று, ‘ஸ்கிரிப்ட்’ என்னும் பொதுச் செய்தி வடிவத்தை 1997இல் வெளியிட்டது. அடுத்துச் செய்தியைச் சுமக்கும் பாதை வேண்டும். 2001இல் இரண்டு வலையமைப்புகள் பிறந்தன. மருந்துக் கடைகளின் சங்கங்கள் சேர்ந்து ‘ஷ்யூர்ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதை அமைத்தன. காப்பீட்டாளர்களுக்காக மருந்துச் செலவை நிர்வகிக்கும் பெரு நிறுவனங்கள் ‘ஆர்.எக்ஸ்.ஹப்’ என்பதை அமைத்தன. 2008இல் இரண்டும் ஒன்றாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வலையமைப்பைக் கட்டியவர்கள் கடைக்காரர்கள். மற்றொன்றைக் கட்டியவர்கள் மருந்துச் செலவின் கணக்கைப் பார்ப்பவர்கள். சீட்டை எழுதும் மருத்துவர் இரண்டையும் கட்டவில்லை. பின்னால் நேர்ந்த தாமதத்தின் வேர் இங்கேதான் இருந்தது.

மருத்துவர்கள் ஏன் தயங்கினர்?

மொழி ஆயத்தம், பாதையும் ஆயத்தம். ஆயினும் 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுதப்பட்ட புதிய சீட்டுகளிலும் புதுப்பிக்கும் சீட்டுகளிலும் நூற்றுக்கு நான்கே மின்னணு முறையில் சென்றன. அவ்வாண்டு டிசம்பரில், தம் மின்னணு நோயாளர் பதிவேட்டிலிருந்து வலையமைப்பின் வழியே சீட்டு அனுப்பிய மருத்துவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தாம். ஆனால் அதே நேரத்தில் மருந்துக் கடைகளுள் நூற்றுக்கு 76 அத்தகைய சீட்டைப் பெற ஆயத்தமாக இருந்தன. கடை திறந்திருக்கிறது, சீட்டுதான் வரவில்லை. இதற்குக் காரணம் யாது?

மருத்துவர்கள் பழமை விரும்பிகள், கணிப்பொறிக்கு அஞ்சுபவர்கள் என்று சிலர் கூறினர். அது முழு உண்மையாகாது. சிறு கிளினிக்கின் கணக்கைச் சற்றே பார்த்தால் காரணம் விளங்கும். கணிப்பொறிகளையும் மென்பொருளையும் வாங்கும் செலவு மருத்துவருடையது. பழுது வந்தால் சரிசெய்யப் பெரிய மருத்துவமனையில் தனி ஆட்கள் உண்டு. சிறு கிளினிக்கில் வரவேற்பாளரும் செவிலியும் தவிர வேறு எவர் இருக்கிறார்? நோயாளிகளின் பழைய விவரங்களையும் ஒவ்வாமைக் குறிப்புகளையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். அரை நொடியில் கிறுக்கிய சீட்டுக்குப் பல முறை பொத்தானை அழுத்த வேண்டும். பழகும் வரை ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறையும், வருவாயும் குறையும்.

பயன் யாருக்கு? கையெழுத்தைப் புரிந்துகொள்ளத் தொலைபேசியில் அழைக்கும் வேலை மருந்தாளருக்கு மிச்சம். விலை குறைந்த மருந்தை மருத்துவர் தேர்ந்தால் காப்பீட்டாளருக்கு மிச்சம். தவறு நேராதிருந்தால் நோயாளிக்கு உயிரே மிச்சம். பாடுபட்டுப் பணம் செலவிட்ட மருத்துவருக்கு வந்து சேர்வது மிகச் சிறிது. உழுதவன் ஒருவன், அறுப்பவன் இன்னொருவன் என்னும் நிலை இது.

சட்டமும் இடையூறாக நின்றது. வலி நீக்கும் அபினி இன மருந்துகள் போன்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளை மின்னணு முறையில் எழுத மத்திய அரசின் விதிகள் 2010 வரை இடம் தரவில்லை. ஒரே நோயாளிக்கு ஒரு மருந்தைத் திரையிலும் இன்னொன்றைக் காகிதத்திலும் எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறைகளையும் ஒருங்கே வைத்துக்கொள்வதை விட, பழகிய ஒன்றே போதும் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

2007 ஜனவரியில் சில நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, சீட்டு எழுதும் மென்பொருளை நாட்டின் எல்லா மருத்துவர்களுக்கும் இலவசமாகவே தர முன்வந்தன. அடுத்த ஆண்டின் புள்ளி விவரத்தைத்தான் மேலே கண்டோம். மென்பொருளின் விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால் இலவசம் அத்தடையை நீக்கியிருக்கும். மருத்துவரின் நேரத்தை யாரும் இலவசமாகத் தர முடியவில்லை.

கடலுக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டு

மருத்துவர்கள் இயல்பாகவே கணிப்பொறியை வெறுப்பவர்கள் அல்லர் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே பொது மருத்துவர்கள் சிறு குழுக்களாகத் தம் கிளினிக்குகளை நடத்துகிறார்கள். எக்ஸிட்டர் நகரின் ஜான் பிரீஸ் என்ற பொது மருத்துவர் 1970இலேயே நோயாளியைப் பார்க்கும் அறையில் கணிப்பொறியைப் பயன்படுத்தினார். 1982இல் அரசு ஒரு திட்டம் வகுத்து, 150 கிளினிக்குகளுக்குக் கணிப்பொறிச் செலவில் பாதியை ஏற்றது. 1987இல் இரு நிறுவனங்கள், பெயர் நீக்கிய நோயாளர் விவரங்களைத் தமக்குத் தர இசையும் கிளினிக்குகளுக்குக் கணிப்பொறியை இலவசமாகவே கொடுத்தன. 1996க்குள் நூற்றுக்கு 96 கிளினிக்குகளில் கணிப்பொறி வந்துவிட்டது.

இவ்வளவு விரைவாக அது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் மருந்துச் சீட்டே. நீண்ட நாள் நோயாளிகளுக்கு அதே மருந்தை மீண்டும் மீண்டும் எழுதித் தருவது அங்கே பெரும் சுமை. நாள்தோறும் வரவேற்பாளர் கையால் எழுதி அடுக்கி வைத்த சீட்டுகளில் மருத்துவர் கையொப்பமிடுவார். கணிப்பொறி அவற்றை நொடியில் அச்சிட்டது. முதல் வாரத்திலேயே கிளினிக்கில் உள்ள அனைவரும் அதன் பயனைக் கண்ணால் கண்டனர். அங்கே உழுதவரே அறுத்தனர்.

ஆனால் அச்சிட்ட சீட்டு காகிதமாகவே கடைக்குச் சென்றது. கிளினிக்கில் கணிப்பொறி, கடையிலும் கணிப்பொறி, இடையில் காகிதத்தைச் சுமந்து நடப்பவர் நோயாளி. மின்னணு வழியில் சீட்டை அனுப்பும் திட்டம் 2005இல்தான் தொடங்கிற்று. மின்னணுக் கையொப்பத்தோடு காகிதமின்றி அனுப்பும் இரண்டாம் கட்டம் 2009இல் வந்தது. அச்சிடுவதில் மருத்துவருக்குப் பயன் இருந்தது; அது விரைந்தது. அனுப்புவதில் பயன் பிறருக்கே மிகுதி; அது காத்திருந்தது.

கரும்பும் பிரம்பும்

அமெரிக்க அரசு இந்த உண்மையைப் படிப்படியாக உணர்ந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டம், மின்னணுச் சீட்டுக்குப் பொது விதிகளை வகுக்கச் சொன்னது. ஆனால் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் கரும்பையும் பிரம்பையும் சேர்த்துக் காட்டியது. மின்னணுச் சீட்டு எழுதுவோருக்கு 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் மெடிகேர் கட்டணத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதல் ஊதியம். எழுதாதோருக்கு 2012 முதல் நூற்றுக்கு ஒன்று வீதம் பிடித்தம். 2014இல் அது இரண்டாக உயர்ந்தது.

2009இல் வந்த சட்டம் இன்னும் பெரியது. மின்னணுப் பதிவேட்டைப் பயனுள்ள முறையில் கையாளும் மருத்துவர் ஒருவருக்கு மெடிகேர் வழியாக 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. அனுப்பத்தக்க சீட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மின்னணு முறையில் செல்ல வேண்டும் என்பது முதற்கட்ட நிபந்தனைகளுள் ஒன்று. பணத்தோடு ஆளும் வேண்டும் என்பதை அரசு மறக்கவில்லை. உழவர்களின் வயலுக்கே சென்று புது முறைகளைக் கற்பிக்கும் வேளாண் விரிவாக்கப் பணியை முன்மாதிரியாகக் கொண்டு, நாடெங்கும் 62 வட்டார உதவி மையங்கள் அமைந்தன. சிறு கிளினிக்குகளுக்குச் சென்று கணிப்பொறி முறையை நிறுவவும் பழக்கவும் அவை உதவின.

விளைவு விரைவில் தெரிந்தது. பதிவேட்டின் வழியே சீட்டு அனுப்பும் மருத்துவர்கள் 2008 டிசம்பரில் நூற்றுக்கு 7. 2012 ஜூனில் 48. 2014 ஏப்ரலில் 70. நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் 27 முதல், சில விலக்குகள் தவிர எல்லாச் சீட்டுகளும் மின்னணு முறையிலேயே அமைய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பல ஆண்டுகளாக நகராத தேர் ஆறாண்டுகளில் வீதியின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது.

தவறுகள் ஒழிந்தனவா?

இவ்வளவு செலவுக்கும் முயற்சிக்கும் பலன் உண்டா என்பதே முடிவான வினா. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்குப் பகுதியில், பன்னிரண்டு கிளினிக்குகளில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. ரெய்னு கௌஷல் என்ற மருத்துவ அறிஞரின் தலைமையில் நடந்த ஆய்வு இது. மின்னணு முறைக்கு மாறிய மருத்துவர்களின் சீட்டுகளில், முன்பு நூற்றுக்கு 42.5 தவறுகள் இருந்தன. ஓராண்டுக்குப் பின் 6.6 ஆகக் குறைந்தன. மாறாத மருத்துவர்களிடம் அது 37.3இலிருந்து 38.4 ஆயிற்று. படிக்க முடியாத எழுத்து என்னும் குறை மாறியவர்களிடம் அறவே மறைந்தது.

இத்துடன் கதை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. 2011இல் வெளியான வேறோர் ஆய்வு, கணிப்பொறியால் எழுதிய 3,850 சீட்டுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 452 சீட்டுகளில், அதாவது ஒன்பதில் ஒன்றுக்குச் சற்று மேலாக, தவறு இருந்தது. அளவை விட்டுவிடுதல், எத்தனை நாள் என்று குறிக்காமை போன்றவை பெரும்பாலானவை. கணிப்பொறி தெளிவாக எழுதும். எழுதியது சரியா என்பதை எல்லா நேரமும் அறியாது.

புதிய தவறுகளும் முளைத்தன. செலிபிரெக்ஸையும் செலெக்ஸாவையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். கையெழுத்தில் அவை ஒன்று போலத் தோன்றின. அகர வரிசையில் அமைந்த பட்டியலிலோ அவை அருகருகே நிற்கின்றன. விரல் சற்றே நழுவினால் வேறு மருந்து தெரிவாகிவிடும். இம்முறை எழுத்து மிகத் தெளிவாக இருப்பதால் மருந்தாளருக்கு ஐயமே எழாது! கிறுக்கலைக் கண்டால் தொலைபேசியை எடுத்தவர், அழகாக அச்சான பெயரைக் கண்டால் ஏன் எடுக்கப் போகிறார்?

எச்சரிக்கைகளின் கதையும் இத்தகையதே. பாஸ்டன் நகரில் ஐந்து கிளினிக்குகளில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கைகளில் நூற்றுக்கு 91ஐ மருத்துவர்கள் புறக்கணித்துத் தாம் எழுதிய மருந்தையே எழுதினர் எனத் தெரிந்தது. அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அற்பமானவற்றுக்கும் ஆபத்தானவற்றுக்கும் ஒரே குரலில் கூவும் காவற்காரனின் கூச்சல் நாளடைவில் காதில் ஏறாது. எதற்கு எச்சரிப்பது, எதற்கு வாளாவிருப்பது என்று கணிப்பொறிக்குக் கற்பிப்பது இன்றும் ஆய்வாளர்களின் வேலையாக உள்ளது.

காகிதம் சொல்லாத செய்தி

எவரும் பெரிதாக எதிர்பாராத ஒரு பயனையும் மின்னணுச் சீட்டு தந்தது. காகிதச் சீட்டு மருத்துவரின் கையை விட்டுப் போனால் போனதுதான். நோயாளி மருந்து வாங்கினாரா என்பது மருத்துவருக்குத் தெரியாது. மின்னணுச் சீட்டு தன் தடத்தை விட்டுச் செல்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1,95,930 மின்னணுச் சீட்டுகளை மருந்து வாங்கிய கணக்கோடு ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதன்முறையாக எழுதப்பட்ட மருந்துகளில் நூற்றுக்கு 28 வாங்கப்படவே இல்லை! இரத்த அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். நோயாளியோ முதல் மாத்திரையைக் கூட வாங்கவில்லை. பணமில்லையா, பயமா, மறதியா என்று கேட்க இப்போதாவது வழி பிறந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரு புதிய கருவி நல்லது என்பதனால் மட்டுமே மக்கள் அதனைக் கைக்கொள்வதில்லை. அதற்காக உழைப்பவருக்கு அதன் பயனில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். கற்பிக்க ஆள் வேண்டும். சட்டம் வழிவிட வேண்டும். இவை அமையாத வரை அமெரிக்கச் சிறு கிளினிக்குகளில் மின்னணுச் சீட்டு வாயிலிலேயே நின்றது. இவை அமைந்ததும் உள்ளே நுழைந்தது. தயங்கியவர்களைப் பழமைவாதிகள் என்று ஏசியவர்கள், சுமை யார் தோளில் இருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்திருந்தால், பல ஆண்டுகளும் சில உயிர்களும் மிஞ்சியிருக்கக் கூடும்.

சீட்டு காகிதமாயினும் மின்னணுவாயினும், அதனைப் பெறுபவர் ஒரு மனிதர். கடையில் மருந்தைக் கையில் வாங்கும்போது, “இது எதற்கான மருந்து? ஒரு நாளைக்கு எத்தனை முறை?” என்று நோயாளி கேட்கும் இரண்டு கேள்விகள் பல தவறுகளை அங்கேயே பிடித்துவிடும். அதற்குக் கணிப்பொறியும் வேண்டாம், வலையமைப்பும் வேண்டாம்.